தலை மாறினாலும் மூலை மாறாத அஞ்சு சதம்

இலங்கையில அடிச்ச நாணயக் குத்தியளுக்குள்ள ஒண்டே ஒண்டை எடுத்து வடிவா படி எண்டு ஆரும் சொன்னா நான் அஞ்சு சதத்தைத்தான் எடுப்பன். வெள்ளியில வந்த அம்பது சதத்துக்கு மதிப்புக் கூட, ஒரு ரூபாக் குத்தியை எல்லாருக்கும் தெரியும், எண்டாலும் இந்தத் தீவின்ர நூற்றி இருபது வருசக் கதை முழுசா ஏறி நிக்கிறது அஞ்சு சதத்திலதான். 1870ஆம் ஆண்டு போட்ட செப்புக் குத்தியில தொடங்கி 1991ஆம் ஆண்டு போட்ட அலுமினியம் வரைக்கும் நாலு உலோகம், நாலு முடிக்குரிய தலை, ரெண்டு அரச சின்னம் எண்டு எல்லாம் மாறிக்கொண்டே போச்சுது. ஆனா 1909க்குப் பிறகு ஒண்டு மட்டும் மாறேல்ல, மூலை மழுங்கின அந்தச் சதுரம். அது ஏன் மாறேல்ல எண்டதைத்தான் நான் இங்க சொல்லப் போறன், ஏனெண்டா ஒரு குத்திக்கு ரெண்டு சொந்தக்காரர் இருக்கினம் எண்டு நான் நினைக்கிறன், அடிக்கிற அரசாங்கம் ஒண்டு, அதைக் கையில பிடிச்சுக் குடுத்து வாங்கிற சனம் மற்றது. அரசாங்கம் மாறேக்க அதின்ர பக்கம் மாறும், சனத்தின்ர பக்கத்தில கை வைக்கிறது லேசில்ல.

முதல்ல சதம் எண்டது எப்பிடி வந்தது எண்டு பாப்பம். பிரித்தானியர் வந்த புதுசில இறைசால் (இங்கிலிசில ரிக்ஸ்டொலர்) எண்ட பழைய காசுக் கணக்குத்தான் ஓடினது, யானை போட்ட செப்புக் குத்தியளும் யானை போட்ட வெள்ளி இறைசாலும் அப்பத்தான் வந்தது, அதில தமிழோ சிங்களமோ ஒரு எழுத்தும் கிடையாது. 1825இல லண்டன் காசை கொண்டு வந்து புகுத்தினவை. எங்கட ஊர்ச் சில்லறைக் கணக்குக்கு அந்தக் காசு பெரிசாப் போச்சுது, அதால 1828இல அரை பார்திங் (பார்திங் எண்டது ஒரு பென்னியில கால்), 1839இல கால் பார்திங் எண்டு இலங்கைக்காகவே சின்னச் சின்னக் குத்தி அடிக்க வேண்டி வந்தது. இதுக்கிடையில கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவில இருந்து வந்த தொழிலாளர், அரிசி யாவாரம், செட்டிமாரின்ர கொடுக்கல் வாங்கல் எண்டு எல்லாத்துக்கும் இந்திய ரூபாதான் கையில புழங்கினது, சட்டத்தில ஒரு காசு, சந்தையில வேற காசு எண்ட நிலைமை. கடைசியா 1869இல இந்திய ரூபாதான் இந்தத் தீவின்ர காசு எண்டு ஒத்துக்கொண்டவை, ஆனா இந்தியா மாதிரி அணாவும் பைசாவுமா பிரிக்காம நூறு சதமா பிரிச்சவை, அது 1872 சனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்தியா தன்ர ரூபாயை நூறாப் பிரிச்சது 1957இல எண்டதை யோசிச்சுப் பாத்தா நாங்கள் எவ்வளவு முந்திப் போட்டம் எண்டு விளங்கும்.

அப்ப அடிச்ச அஞ்சு சதம் சும்மா சாமான் இல்ல. தனிச் செப்பு, வட்டம், 18 கிராமுக்கு மேல பாரம். ஒரு பக்கம் விக்ரோறியா மகாராணியின்ர தலை, மற்றப் பக்கம் நடுவில ஒரு பனைக்குடும்பத்து மரம், அதோட இங்கிலிசிலயும் சிங்களத்திலயும் தமிழிலயும் பெறுமதி. கனபேர் இதைக் கண்டவுடன எங்கட பனை எண்டு சந்தோசப்படுவினம், ஆனா பட்டியல் போடுற ஆக்கள் இதைத் தாளிப்பனை எண்டுதான் எழுதிறவை. அதே மரம்தான் ஒரு சதத்திலயும் வந்து, ஒரு சதத்தில அது கனகாலம் நிண்டது.

இந்தக் குத்தியின்ர பெரிய பிரச்சினை பாரம். கணக்குப் பாருங்கோ, ஒரு ரூபாவுக்கு இருபது அஞ்சு சதம், அதை மடியில கட்டினா 360 கிராமுக்கு மேல தொங்கும். அந்த நேரம் செப்புக் குத்தி எண்டா அதில ஓரளவுக்காவது செப்பு இருக்க வேணும் எண்ட எண்ணம் ஆக்களிட்ட இருந்தது, கையில பாரம் இருந்தாத்தான் நம்பிக்கை. அந்த நம்பிக்கை வேலை செய்யும் வரைக்கும் சரி, ஆனா சந்தைக்குப் போற மனுசருக்கு அது சுமை.

இப்ப 1909க்கு வருவம். ஏழாம் எட்வேட் ராசா. அந்த வருசம் வந்த அஞ்சு சதம் முந்தினதோட எந்த உறவும் இல்லாத ஒண்டு. செப்பும் நிக்கலும் கலந்த வெள்ளை நிறம், 4 கிராமுக்கும் குறைவு, ஒரு பக்கம் கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றர், வட்டமில்ல, சதுரம், நாலு மூலையும் மழுக்கி விட்டிருக்கு. ஒரேயடியா பாரம் அஞ்சில ஒரு பங்குக்குக் கிட்ட வந்திட்டுது. இதுக்கு ரெண்டு வருசம் முந்தி, 1907இல, இந்தியாவில ஒரு அணாவை நிக்கல் கலவையில ஓரம் வளைவு வளைவா வெட்டி விட்டிருந்தவை, அந்த யோசனை இந்தப் பக்கமும் வந்திருக்கு எண்டு பாக்கவே விளங்குது.

சதுரம் ஏன் எண்டதுக்கு விடை அந்த நேரத்துக் கடை லாச்சிக்குள்ள கிடக்கு. அப்ப வெள்ளியில இருபத்தைஞ்சு சதம் ஒண்டு ஓடிக்கொண்டிருந்தது, விட்டம் கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர். நிக்கல் கலவையும் வெள்ளை நிறம், வெள்ளியும் வெள்ளை நிறம். 18 மில்லிமீற்றர்ல வட்டமா ஒரு வெள்ளை அஞ்சு சதம் விட்டிருந்தா விளக்கு வெளிச்சத்தில நடக்கிற யாவாரத்தில அஞ்சு மடங்கு பிழை வரும், கண் தெரியாத ஆக்களின்ர நிலைமை அதைவிட மோசம், எழுத்துத் தெரியாத ஆக்களும் அப்ப கனபேர். சதுரமா வெட்டினா இந்தச் சிக்கல் ஒண்டும் இல்ல, மடிக்குள்ள கையை விட்டு மூலையைத் தட்டுப்பட வைச்சாலே அது அஞ்சு சதம், இருட்டும் ஒண்டுதான் வெளிச்சமும் ஒண்டுதான். ஒரு நல்ல வடிவமைப்பு எண்டா இதுதான் எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன், ராசாவின்ர தலையைச் செதுக்கினவனை விட இந்த மூலையை மழுக்கச் சொன்ன ஆள்தான் எங்கட சனத்தைப் பற்றி யோசிச்சிருக்கிறார்.

அந்த 1909 குத்தியை கிட்ட வச்சுப் பாத்தா இன்னும் கொஞ்சம் விளங்கும். ஒரு பக்கம் நடுவில ராசாவின்ர முடி வச்ச தலை, அதைச் சுத்தி இங்கிலிசில எட்வேட், ராசாவும் இந்தியாவின்ர சக்கரவர்த்தியும் எண்ட பட்டம். திருப்பினா நடுவில பெரிசா ஒரு 5, அதைச் சுத்தி மூண்டு மொழி. நல்லாப் புழங்கின ஒரு குத்தியில எது முதல்ல தேயும் எண்டு பாருங்கோ, தலையின்ர உயரமான இடங்கள்தான், கன்னம், தாடி, காது, பிறகு முடி. ஆள் ஆர் எண்டே தெரியாத அளவுக்குத் தேய்ஞ்ச பிறகும் மற்றப் பக்கத்து 5 வாசிக்கக்கூடியதா இருக்கும், அதுவும் போனா மூலை இருக்கும். சனத்துக்குத் தேவையானது கடைசி வரைக்கும் நிண்டு பிடிக்கிற மாதிரி, தெரிஞ்சோ தெரியாமலோ அமைஞ்சிட்டுது.

அதுக்குப் பிறகு தலை மாறினது. ஐந்தாம் ஜோர்ஜ் 1912இல இருந்து 1926 வரைக்குமான குத்தியளில. எட்வேட் வலப்பக்கம் பாப்பார், ஜோர்ஜ் இடப்பக்கம் பாப்பார், ஒவ்வொரு புது முடியும் முந்தின ஆளுக்கு எதிர்ப்பக்கம் பாக்க வேணும் எண்டது பிரித்தானிய நாணயத்தில கனகால வழக்கம், விக்ரோறியா இடம், எட்வேட் வலம், ஜோர்ஜ் இடம். அப்ப ஆறாம் ஜோர்ஜ் வலம் பாக்க வேணுமே, ஆனா அவரும் இடப்பக்கம்தான் பாக்கிறார். இடையில எட்டாம் எட்வேட் ஒரு வருசம்கூட ஆளாம முடியைத் துறந்தவர், அவரின்ர இடத்தை வலப்பக்கமா கணக்கில வச்சு அடுத்தவரை இடப்பக்கம் திருப்பி விட்டவை. ஒரு ராசா ஆண்டதுக்கு அடையாளமா எங்கட குத்தியில ஒண்டுமே வரேல்ல, அடுத்தவரின்ர தலை திரும்பின பக்கம் மட்டும்தான் சாட்சி.

ரெண்டாம் உலக யுத்தம் வந்தவுடன உலோகம் மாறினது. நிக்கல் யுத்தத் தளவாடத்துக்குத் தேவைப்பட்ட சாமான், அதைச் சில்லறைக்குக் குடுக்க ஏலாது. 1942இல அஞ்சு சதம் நிக்கல் பித்தளைக்கு மாறி மஞ்சளாப் போச்சுது, 1944இலயும் 1945இலயும் வந்தது இன்னும் மெல்லிசு. வெள்ளியில இருந்த பத்து சதமும் 1944இல ஓரம் வளைவு வளைவா வெட்டின மஞ்சள் குத்தியா மாறினது, ரெண்டு சதமும் அதே மாதிரி. நிறம் எல்லாத்துக்கும் ஒண்டாப் போன அந்த நேரத்திலதான் வடிவத்தின்ர அருமை தெரிஞ்சிருக்கும், முழுக்க மஞ்சளாக் கிடக்கிற சில்லறைக்குள்ள சதுரத்தை மட்டும் ஆராலும் மாறி எடுக்க ஏலாது. எங்கட அம்மம்மாவை மாதிரி அந்தக் காலத்தில கடைக்குப் போய்வந்த ஆக்களிட்ட கேட்டா காசைப் பற்றிச் சொல்லேக்க ராசாவைப் பற்றி ஒரு சொல்லும் வராது, சதுரக் காசு, பூப்போல வெட்டின காசு எண்டுதான் கை காட்டிச் சொல்லுவினம்.

இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைச்ச பிறகு இந்தியாவின்ர சக்கரவர்த்தி எண்ட பட்டம் செல்லாது, அதால 1951ஆம் ஆண்டு போட்ட இலங்கைக் குத்தியளில ஆறாம் ஜோர்ஜ் வெறும் ராசாவா நிக்கிறார். எலிசபெத் மகாராணி வந்தா, ஆனா அஞ்சு சதத்தில அவ வரவே இல்ல, 1955, 1957 ஆண்டு போட்ட ரெண்டு சதத்தில மட்டும்தான் அவவின்ர தலை இலங்கையில இருக்கு. சுதந்திரம் கிடைச்ச நாடு ராணியின்ர தலையோட ஒரே ஒரு சின்னக் குத்தியை விட்டிட்டு நிப்பாட்டினது.

1963இல தலையே இல்லாமல் போச்சுது. அதே சதுரம், அதே நிக்கல் பித்தளை, தலை இருந்த இடத்தில வாளேந்தின சிங்கத்தோட அரச சின்னம். பக்கத்தைத் திருப்பினா 5, சிங்களம், தமிழ், இங்கிலிஸ். 1956இல சிங்களம் மட்டும் சட்டம் வந்து ஏழு வருசத்துக்குப் பிறகு அடிச்ச புதுக் குத்தி இது எண்டதை நான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறனான். கந்தோர்ல தமிழில எழுதின கடுதாசிக்குப் பதில் வராத காலம், ஆனா அந்தக் கந்தோருக்குப் போக பஸ்ஸுக்குக் குடுத்த சில்லறையில தமிழ் இருந்தது. 1870இல ஏறின எழுத்து இறங்கேல்ல. இதைப் பெரிய தயவு எண்டு நான் சொல்லேல்ல, சில்லறை எண்டது ஒவ்வொருத்தரும் வாசிச்சு ஏற்றுக்கொள்ள வேண்டிய சாமான், ஒரு பகுதி சனம் வாசிக்க ஏலாத குத்தியை சந்தையில ஓட விடுறது அரசாங்கத்துக்கே கரைச்சல். அதுதான் நான் முதல்ல சொன்ன சனத்தின்ர பக்கம்.

இங்க கொஞ்சம் பின்னுக்குப் போக வேணும், ஏனெண்டா இதே விசயம் எங்கட யாழ்ப்பாண மண்ணில அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முந்தியே நடந்து முடிஞ்சிட்டுது. யாழ்ப்பாணத்து ராசாக்கள் அடிச்ச, சேது எண்டு எழுத்துப் போட்ட சேது நாணயத்தைத்தான் சொல்லுறன். அதின்ர மூலம் சோழர் காசு. முதலாம் ராசராசன் 10ஆம் நூற்றாண்டின்ர கடைசியில அனுராதபுரத்தைப் பிடிச்ச பிறகு இந்தத் தீவில ஒரு வகைக் காசு பரவினது, முன்பக்கம் நிக்கிற ராசா, பின்பக்கம் இருக்கிற உருவம், பக்கத்தில நாகரி எழுத்தில ஸ்ரீ ராஜராஜ. சோழர் போன பிறகு பொலன்னறுவை ராசாக்கள் என்ன செய்தவை எண்டா புதுசா ஒண்டும் யோசிக்கேல்ல, அதே நிக்கிற ஆள், அதே இருக்கிற ஆள், பேரை மட்டும் மாத்தினவை. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி எண்டு வரிசையா பேர் மாறும், படம் மாறாது. எதிரியை விரட்டிப்போட்டு எதிரியின்ர காசின்ர படத்தை அப்பிடியே வச்சிருக்கினம், சனம் அந்தப் படத்தைக் கண்டாத்தான் காசு எண்டு வாங்கும் எண்டதால.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ராசாக்களான ஆரியச் சக்கரவர்த்திகள் வரேக்க அதையே ஒரு படி கூடச் செய்தவை. முன்பக்கத்தில நிக்கிற ஆளை விட்டு வச்சினம், கிட்டத்தில குத்துவிளக்கோட. பின்பக்கத்தில இருந்த உருவத்தைத் தூக்கிப்போட்டு தங்கட நந்தியைப் படுக்க வச்சினம், மேல பிறை, கீழ தமிழில சேது எண்ட எழுத்து. நாகரி போய் தமிழ் வந்திட்டுது. சின்னச் செப்புக் குத்தி, நிக்கிற ஆளின்ர உடம்பு போகப் போக வெறும் கோடும் புள்ளியுமாத் தேய்ஞ்சு, தெரியாத ஆள் பாத்தா அது மனுச உருவம் எண்டே சொல்லாது. அதைச் செதுக்கின தட்டானுக்கே அது ஆர் எண்டு கவலை இருந்திருக்காது, முன்பக்கம் இப்பிடித்தான் இருக்க வேணும் எண்ட பழக்கம் மட்டும்தான். ஆனா நந்தியைப் பாருங்கோ, திமில், கொம்பு, மடிச்ச கால் எண்டு எவ்வளவு கவனமாப் போட்டிருக்கினம். சொல்ல வேண்டியதை ஒரு பக்கத்தில சொல்லிப்போட்டு, நம்பிக்கைக்கு மற்றப் பக்கத்தை விட்டிருக்கினம்.

இந்தக் காசு ராமநாதபுரத்துச் சேதுபதிகளின்ரயா எங்கட ராசாக்களின்ரயா எண்டு முந்தி பெரிய வாதம் நடந்தது. எங்கட ராசாக்களின்ர எண்டதுக்கு ரெண்டு சான்று, குடாநாட்டில இது கிடைக்கிற அளவு ஒண்டு, கேகாலைப் பக்கத்துக் கோட்டகமக் கல்வெட்டில ஆரியச் சக்கரவர்த்தியின்ர வெற்றியைச் சொல்லுற தமிழ்ப் பாட்டு சேது எண்ட சொல்லோடதான் தொடங்குது எண்டது மற்றது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் இதைப் பற்றி எழுதினவர், இலங்கை நாணயங்களை முழுசா ஆராய்ஞ்ச கொட்றிங்ரனும் 1924இல யாழ்ப்பாணத்துப் பக்கம்தான் நிண்டவர். 1619இல போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடிச்சதோட நந்தி போச்சுது.

அப்ப திரும்ப அஞ்சு சதத்துக்கு வருவம். 1972இல குடியரசு ஆன பிறகு சின்னம் மாறினது. 1954இல வந்த பழைய சின்னத்தின்ர உச்சியில ஒரு முடி இருக்கும், 1972 சின்னத்தில அந்த இடத்தில தர்மச்சக்கரம், கீழ பூரண கும்பமும் நெற்கதிரும். ஒரு சின்ன அஞ்சு சதத்தில இதைப் பிரிச்சுப் பாக்க நல்ல வெளிச்சமும் ஒரு லென்சும் வேணும், உச்சியைப் பாத்தாப் போதும். 1975 வரைக்கும் நிக்கல் பித்தளை, 1978இல அலுமினியம். விலைவாசி ஏறி, குத்திக்குள்ள கிடக்கிற உலோகத்தின்ர விலை குத்தியில எழுதின விலையைத் தாண்டிப் போற நிலைமை வந்தா எந்த அரசாங்கமும் இதைத்தான் செய்யும், ஒரு சதமும் ரெண்டு சதமும் 1963இலயே அலுமினியத்துக்குப் போட்டுது. அதே அளவு பித்தளையோட பாத்தா அலுமினியம் மூண்டில ஒரு பங்குக்கும் குறைஞ்ச பாரம், கையில வச்சா இருக்கிறதே தெரியாது, அப்பிடியும் அதைச் சதுரமாத்தான் வெட்டினவை. 1988, 1991 எண்ட ஆண்டுகளோட அது முடிஞ்சுது. அந்தக் கடைசிக் காலத்தில அஞ்சு சதத்துக்கு வாங்க ஒண்டும் இருக்கேல்ல, சில்லறைக் கணக்கைச் சரிக்கட்டவும் கோயில் உண்டியலுக்கும்தான் பிரயோசனம், எங்கட பக்கம் யுத்தமும் பொருளாதாரத் தடையும் வந்து ஒரு போத்தில் மண்ணெண்ணெய்யின்ர விலையே வேற எங்கயோ போன நேரம் அது.

உங்கட வீட்டிலயும் பழைய தகரப் பேணிக்குள்ளயோ சாமி அறையிலயோ இந்தச் சதுரம் கட்டாயம் கிடக்கும், எடுத்துப் பாருங்கோ. வெள்ளை நிறமா, தலை வலப்பக்கம் பாக்குதா, அப்ப அது எட்வேட், 1909 அல்லது 1910. வெள்ளை நிறம், இடப்பக்கம் எண்டா ஐந்தாம் ஜோர்ஜ். மஞ்சள் நிறத்தில தலை எண்டா ஆறாம் ஜோர்ஜ், யுத்தக் காலம், விரலுக்கிடையில பிடிச்சு மொத்தமா மெல்லிசா எண்டு பாருங்கோ. தயவுசெய்து புளி, தேசிக்காய், பிரசோ ஒண்டும் போட்டுத் தேய்க்காதேங்கோ, மேல படிஞ்சிருக்கிற அந்தக் கறுப்புத்தான் உலோகத்தைக் காப்பாத்திக்கொண்டிருக்கு, மினுக்கினா எழுத்தின்ர விளிம்பும் சேர்ந்து போயிடும், சேத்து வைக்கிற ஆக்களும் மினுக்கின குத்தியை வாங்க மாட்டினம். வெறும் தண்ணியில அலம்பி, நிழலில உலர விட்டு, தனித்தனிக் கடுதாசி உறையில போட்டு வைக்கலாம்.

சேது நாணயம் விசயம் வேற. கிணறு வெட்டேக்கயோ தோட்டம் கொத்தேக்கயோ ஒண்டு வெளிய வந்தா அது எந்தக் காணி, எவ்வளவு ஆழம், பக்கத்தில ஓட்டுத் துண்டு ஏதும் கிடந்ததா எண்டதை உடன எழுதி வையுங்கோ, படம் எடுங்கோ, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ, 1940ஆம் ஆண்டுச் சட்டப்படியும் நிலத்துக்குள்ள இருந்து வாற தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில நூறு வருசத்துக்கு முந்திக் கிண்டி எடுத்த காசுகளைப் பற்றி இண்டைக்கும் நாங்கள் கதைக்கிறம் எண்டா அது எங்க கிடைச்சது எண்டு எழுதி வச்சதாலதான். இடம் தெரியாம ஒரு யாவாரியின்ர கையால கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன நந்திக்கு விலை மட்டும்தான் இருக்கும், அது நல்லூர்ல இருந்து வந்ததா மாந்தையில இருந்து வந்ததா எண்டு பிறகு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.